எந்த கியர் போனது?

பழைய பிக்அப் டிரக்கில் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் மக்கர் பண்ணத் தொடங்கியதும் காதில் விழும் முதல் வார்த்தை “ரீபில்டு”. பாக்ஸை இறக்கிப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, மறுபடி ஏற்ற ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். வண்டியே அவ்வளவுதான் பெறும் என்பதால் பலர் அந்த ஒரு வார்த்தையோடு அதைத் தலைமுழுகிவிடுகிறார்கள். நான் இருக்கும் மிச்சிகனில், டெட்ராய்ட்டைச் சுற்றி, கார் கம்பெனி வேலைக்கு வந்த நம் ஆட்கள் நிறையப் பேர். சொந்த வீடு வாங்கிய பிறகு மண்ணும் மரமும் ஏற்றவும், படகு இழுக்கவும், பனி தள்ளவும் ஒரு பழைய பிக்அப்பை வாங்கிப் போடுவார்கள். சனி, ஞாயிறுகளில் அவற்றுக்கு அடியில் படுத்துக் கிடப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். முதலில் என் வண்டி, அப்புறம் தெரிந்தவர்கள் வண்டி.

இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகப் பட்டது இது: ஆட்டோமேட்டிக் பாக்ஸ் தன் நோயைத் தானே சொல்லும். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எந்தெந்த கியர் போயிருக்கிறது, எவை இருக்கின்றன? வண்டி குளிர்ந்திருக்கும்போது வருகிற கோளாறா, சூடேறிய பிறகு வருவதா? இந்த இரண்டையும் கேட்காமல் ரீபில்டுக்கு விலை சொல்கிறவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

நான் அதிகம் கையாண்டது 4எல்60-இ என்ற பாக்ஸ். ஷெவ்ரோலே, ஜிஎம்சி பிக்அப்களில் பெருவாரியாக வந்தது. 1982 மாடல் வண்டிகளில் அறிமுகமான டர்போ ஹைட்ராமேட்டிக் 700ஆர்4தான் இதன் மூலம். 1993-இல் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு சேர்ந்ததும் கடைசியில் ‘இ’ ஒட்டிக்கொண்டது. நான்கு முன் கியர்கள். விகிதம் முறையே 3.06, 1.63, 1.00, 0.70. ரிவர்ஸ் 2.29. இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, ஆனால் எழுதி வண்டியில் வைத்திருங்கள். பின்னால் ஒரு கணக்குக்கு வேண்டும்.

உங்கள் வண்டியில் இருப்பது இதுதானா என்பதைத் தெரிந்துகொள்ள அடியில் நுழைய வேண்டாம். 1999 முதல் 2006 வரையிலான சில்வராடோ என்றால் டேஷ்போர்டுப் பெட்டியின் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். அதில் மூன்றெழுத்துக் குறிகள் நெருக்கமாக அச்சாகியிருக்கும். எம்30 என்று இருந்தால் 4எல்60-இ. எம்டி1 என்றால் கனரக வண்டிக்கான 4எல்80-இ. கீழே நான் சொல்லப்போகும் கியர் கணக்கு அதற்குப் பொருந்தாது. அதே ஸ்டிக்கரில் பின் ஆக்ஸில் விகிதமும் உண்டு: ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. கதவை மூடும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையை எண்ணெயில் தொடங்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் வீணாகப் பணம் கட்டுகிறார்கள். இந்த பாக்ஸில் அளவு பார்க்க எண்ணெய் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், ஏறத்தாழ 82 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை. சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்விட்டு, பார்க்கில் போட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். இன்ஜின் ஆயிலைப் போல நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு கூடத்தான் தெரியும். இருக்கிறது என்று நினைத்துக் குறைவான எண்ணெயில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். பழைய டாட்ஜ் டிரக் என்றால் நியூட்ரலில் பார்க்க வேண்டும். அந்த பாக்ஸ்களில் பார்க்கில் இருக்கும்போது இன்ஜினையும் பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கிற டார்க் கன்வெர்ட்டருக்கு எண்ணெய் போகாது.

குச்சியில் வந்த எண்ணெயை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. பழுப்பாக இருந்தால் வயதாகிவிட்டது, அவ்வளவே. கருத்து, கருகிய வாடை அடித்து, நடுவில் கரும்புள்ளி தங்கினால் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பூச்சு எண்ணெயில் கலந்திருக்கிறது. பால் கலந்த ரோஸ் நிறத்தில் நுரைத்து வந்தால் வண்டியை உடனே நிறுத்துங்கள். கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்கு உள்ளேதான் ஓடுகிறது. அது உள்ளுக்குள் ஓட்டையாகி கூலண்ட் கலந்துவிட்டது. கிளட்ச் பிளேட்டுகளில் உராய்வுப் பூச்சை ஒட்டியிருக்கும் பசை தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும். அன்றே கண்டுபிடித்து எண்ணெயைப் பலமுறை மாற்றிச் சுத்தம் செய்தால் தப்ப வாய்ப்புண்டு. ஒரு வாரம் ஓட்டினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

காலையில் முதல் முறை டிரைவ் போட்டதும் வண்டி இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டு நகர்கிறதா? எண்ணெய் குறைவாக இருக்கலாம், இராத்திரி முழுக்க நின்றதில் கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் வடிந்து இறங்கியிருக்கலாம், உள்ளே ரப்பர் சீல்கள் இறுகியிருக்கலாம். மூன்றில் முதலாவதற்கு ஒரு குவார்ட் எண்ணெய் போதும். அதனால்தான் எண்ணெயில் தொடங்கு என்கிறேன்.

அடுத்தது மின்சாரம். ஒரு நண்பர் பனிக்காலத்தில் போன் செய்தார். வண்டியை வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

“அண்ணே, ஷாப்புல பாக்ஸ் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. வந்த விலைக்கு வித்துடலாமான்னு பாக்கறேன்.”

“எந்த கியர் போயிருக்கு?”

“எல்லாமே போன மாதிரிதாண்ணே இருக்கு. சிக்னல்ல இருந்து கிளம்பவே மாட்டேங்குது, பின்னாடி ஆரன் அடிக்கிறான். ஆனா ஹைவேல ஏறிட்டா ஒண்ணுமே தெரியல.”

“ரிவர்ஸ் போட்டா?”

“விழுது. டமார்னு இடிச்சுட்டு விழுது.”

நோய் இங்கேயே பிடிபட்டுவிட்டது. வண்டி மூன்றாவது கியரில் மட்டும் ஓடுகிறது. எண்ணெய் அழுத்தம் உச்சத்தில் நிற்கிறது. இந்த பாக்ஸில் கியரை மாற்றுவது ஏ, பி என்ற இரண்டு சோலனாய்டுகள், அதாவது மின்சாரத்தில் இயங்கும் வால்வுகள். முதல் கியரில் இரண்டுக்கும் மின்சாரம் போகும். இரண்டாவதில் பி-க்கு மட்டும். மூன்றாவதில் இரண்டுக்குமே கிடையாது. நான்காவதில் ஏ-க்கு மட்டும். ஆகவே பாக்ஸுக்கு மின்சாரம் அறவே நின்றுபோனால் வண்டி மூன்றாவதில் வந்து நிற்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டும் அப்படித்தான், மின்சாரம் இல்லையென்றால் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். வழியில் எங்கே ஒயர் அறுந்தாலும் வண்டி வீடு வந்து சேரவேண்டும் என்று நினைத்து வடிவமைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது பாக்ஸ் செத்துப்போன மாதிரித் தெரிகிறது.

ஸ்கேனரைச் சொருகியதும் பி0740, பி0753, பி0758 என்று மூன்று பிழைக் குறியீடுகள் வரிசையாக வந்தன. மூன்றும் வெவ்வேறு சோலனாய்டுகளுடைய மின்சுற்றுக் குறியீடு. மூன்று சோலனாய்டு ஒரே நாளில் சாவதில்லை. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது எது என்றுதான் தேடவேண்டும். பொதுவாக இருப்பது ஒரு ரோஸ் ஒயர். சாவியைப் போட்டதும் இந்த மூன்று சோலனாய்டுகளுக்கும் 12 வோல்ட்டைக் கொண்டுபோவது அதுதான். பாக்ஸின் வலப்பக்கம் ஆயில் பானுக்குச் சற்று மேலே இருக்கும் வட்டமான 20 பின் கனெக்டரில், ‘இ’ என்று குறித்த இடத்தில் அது வந்து சேரும்.

கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, மல்டிமீட்டரை வைத்தால் ஒரு வோல்ட்டுகூட இல்லை. ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. ஒயர்க் கற்றையை விரலால் தடவிக்கொண்டே போனபோது, சேஸிஸ் ஓரமாகத் திரும்பும் இடத்தில் ரோஸ் ஒயர் மட்டும் கொழகொழவென்று வளைந்தது. மேலுறையைக் கீறிப் பார்த்தால் செம்பு இருந்த இடத்தில் பச்சைத் தூள். பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பு எப்போதோ ஒரு சிறு கீறல் வழியே உள்ளே போய், செம்பை அரித்துத் தின்றிருக்கிறது. கெட்ட பகுதியை வெட்டி, புது ஒயர் சேர்த்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூடினோம். வண்டி முதல் கியரில் கிளம்பியது. அந்த வண்டி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

மல்டிமீட்டர் கையில் இருக்கும்போதே சோலனாய்டுகளின் ரெசிஸ்டன்ஸையும் கனெக்டர் வழியாகவே அளந்துவிடலாம். குளிர்ந்த நிலையில் ஏ, பி இரண்டும் 20 முதல் 30 ஓம் வரை காட்டவேண்டும். அழுத்தக் கட்டுப்பாட்டுச் சோலனாய்டு 3 முதல் 5 ஓம். கனெக்டருக்குள் எண்ணெய் ஊறியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எர்த் ஒயர்களின் முனைகளையும் சுரண்டி இறுக்குங்கள். உப்பு ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது தவிர்க்க முடியாத வேலை.

எண்ணெயும் மின்சாரமும் சரி என்றானபிறகுதான் பாக்ஸின் உள்ளே இருக்கும் இரும்பைப் பற்றி யோசிக்க வேண்டும். எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஓட்டிப் பார்த்தே உள்ளே உடைந்தது எதுவென்று சொல்லிவிடலாம். ஆள் நடமாட்டமில்லாத சமமான ரோட்டில் மெதுவாகக் கிளம்பி, ஆர்.பி.எம். முள்ளைக் கவனித்தபடி, ஒவ்வொரு கியராக எண்ணிக்கொண்டு போங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதினால் இன்னும் நல்லது.

முதல் கியர் இழுக்கிறது. இரண்டாவது விழவேண்டிய நேரத்தில் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வேகம் வந்ததும் மூன்றாவது பிடித்துக்கொள்கிறது. நான்காவதும் இல்லை. இப்போது நிறுத்தி ரிவர்ஸ் போடுங்கள். முழு விடையும் ரிவர்ஸில்தான் இருக்கிறது. ரிவர்ஸும் இல்லையென்றால் சன் ஷெல் என்ற, மணி வடிவத்தில் இருக்கும் இரும்புத் தகட்டு உதிரி உடைந்திருக்கிறது. ரிவர்ஸ் நன்றாக விழுகிறது என்றால் சன் ஷெல் பத்திரம். இரண்டையும் நான்கையும் பிடிக்கிற பேண்டோ, அதை அழுத்துகிற சர்வோவோ கெட்டிருக்கிறது. காரணம் எளிது. உள்ளே ஒரு டிரம் இருக்கிறது. இரண்டாவதிலும் நான்காவதிலும் பேண்டு அந்த டிரம்மை இறுக்கி அசையாமல் நிறுத்துகிறது. ரிவர்ஸில் வேறொரு கிளட்ச் அதே டிரம்மைச் சுழற்றுகிறது. டிரம்மையும் அதற்குப் பின்னால் இருக்கும் கியரையும் இணைப்பது சன் ஷெல். இணைப்பே போய்விட்டால் மூன்றும் சேர்ந்து போகும். பேண்டு மட்டும் போனால் ரிவர்ஸ் மிஞ்சும்.

பனி தள்ளும் வண்டிகளில் சன் ஷெல் உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பார்க்கிங் இடத்தைச் சுத்தம் செய்வதற்குள் டிரைவ், ரிவர்ஸ், டிரைவ், ரிவர்ஸ் என்று லீவர் ஓயாது. அதுவும் வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே ரிவர்ஸைப் போடுவார்கள். பனி தள்ளுகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, சக்கரம் நின்றபின் லீவரை நகர்த்துங்கள் என்பதுதான்.

முதலும் இரண்டாவதும் கச்சிதம், மூன்றாவதுக்குப் போகும்போது முள் எகிறுகிறது என்றால் 3-4 கிளட்ச் கருகிவிட்டது. இந்த பாக்ஸுக்கு வருகிற நோய்களில் மிகச் சாதாரணமானது இதுவே. எண்ணெயிலும் கருகல் வாடை அடிக்கும். ஓவர்டிரைவில் போட்டபடி டிரெய்லர் இழுத்த வண்டிகளுக்கு இது சீக்கிரம் வரும். பாரம் இழுக்கும்போது லீவரை மூன்றில் வையுங்கள், அல்லது டோ ஹால் பட்டன் இருந்தால் அழுத்துங்கள்.

டிரைவில் நகரவே இல்லை, ஆனால் லீவரை 1-இல் வைத்தால் இழுக்கிறது என்றால், ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் ரோலர் கிளட்ச் அல்லது ஸ்பிராக் போயிருக்கிறது. எந்த கியரிலும் அசைவே இல்லையென்றால் பம்ப், கழன்று விழுந்த ஃபில்டர் என்று பட்டியல் நீளும். அதற்கு முன்னால், 4x4 வண்டியாக இருந்தால், டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலில் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சூடேறிய பிறகு மட்டும் வருகிற கோளாறு தனி வகை. காலையில் கியர் வெண்ணெயாக மாறும். ஹைவேயில் அரை மணி ஓடி ஊருக்குள் திரும்பியதும் முதலிலிருந்து இரண்டாவதுக்குப் போகையில் முதுகில் யாரோ உதைத்த மாதிரி இடிக்கும். ஸ்கேனரில் பி1870 நிற்கும். சீரான வேகத்தில் டார்க் கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டுகிற எண்ணெயைக் கட்டுப்படுத்தும் வால்வு, வால்வ் பாடிக்குள் பல ஆயிரம் முறை அதிர்ந்து அதிர்ந்து அலுமினியத் துளையைத் தேய்த்துப் பெரிதாக்கிவிடுகிறது. சூட்டில் எண்ணெய் நீர்த்ததும் அந்த இடைவெளி வழியே கசிந்து கன்வெர்ட்டர் வழுக்குகிறது. கம்ப்யூட்டர் அதைப் பார்த்துவிட்டு, மற்ற கிளட்ச்களைக் காப்பாற்ற அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றுகிறது. இடி அதனால் வருகிறது. இதற்கு பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. வால்வ் பாடியை மட்டும் கழற்றி, துளையைச் சீராக்கி உறை போட்டு, பெரிய அளவு வால்வு பொருத்தலாம். வெளியில் வேலையைக் கொடுப்பதானால் பி1870 என்று எழுதிக் கொடுத்து, வால்வ் பாடிக்கு மட்டும் விலை கேளுங்கள்.

கன்வெர்ட்டர் பூட்டுகிறதா என்பதை ஸ்கேனர் இல்லாமலே கணக்கில் பார்த்துவிடலாம். மணிக்கு எத்தனை மைல் என்பதை ஆக்ஸில் விகிதத்தால் பெருக்கி, கியர் விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால், அங்குலத்தில், வகுக்க வேண்டும். 60 மைல் வேகம், 3.73 ஆக்ஸில், நான்காவது கியர் 0.70, டயர் 30.5 அங்குலம் என்றால் விடை சுமார் 1,725. சமதரையில் சீராகப் போகும்போது முள் அந்தப் பக்கத்தில் நின்றால் பூட்டியிருக்கிறது. 2,000-க்குப் பக்கத்தில் நின்றால் நான்காவதில்தான் இருக்கிறீர்கள், பூட்டவில்லை. 2,450-ஐத் தாண்டினால் நான்காவதே விழவில்லை, மூன்றாவதில் ஓடுகிறீர்கள். பூட்டியிருக்கும்போது இடது காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பூட்டு விடுபட்டு முள் சற்று ஏறவேண்டும்.

இதே தொடுதல் இன்னொரு குழப்பத்தையும் பாதி தீர்க்கும். 45, 50 மைலில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது, வரிவரியான தகரத்தின்மேல் ஓட்டுவதுபோல வண்டி நடுங்கும். பிரேக்கைத் தொட்டதும் நின்றால் கன்வெர்ட்டர் பூட்டோடு சம்பந்தப்பட்டது. ஆனால் உடனே பாக்ஸைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். இன்ஜின் ஒரு சிலிண்டரில் சரியாக எரியாமல் விக்கினாலும், பூட்டியிருக்கும்போது அந்த விக்கல் அப்படியே சேஸிஸுக்கு வரும், பூட்டு விட்டதும் கன்வெர்ட்டர் அதை விழுங்கிவிடும். முதலில் ஸ்பார்க் பிளக், அதன் ஒயர். பிறகு எண்ணெய். கடைசியாகத்தான் கன்வெர்ட்டர். புரொப்பெல்லர் ஷாஃப்ட் யூ-ஜாயின்ட் தேய்ந்தால் வரும் ‘டக்’ சத்தத்தையும் பாக்ஸ் தலையில் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆயில் பானைக் கழற்றுவது சோதனையின் கடைசிப் படி. கீழே 16 போல்ட்டுகள், உள்ளே வட்டக் காந்தம். காந்தத்தின்மேல் மெல்லிய சாம்பல் நிறக் களிம்பு இருந்தால் கவலை வேண்டாம், எல்லா பாக்ஸிலும் இருக்கும். விரலில் தேய்த்தால் நெருடுகிற துணுக்கு, முள்போன்ற இரும்புச் சீவல் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் தூள் புஷ்ஷிலிருந்து வருகிறது. கறுப்புத் துகள்கள் கிளட்சின் உடம்பு. பானை மூடும்போது ஃபில்டரை மாற்றி டெக்ஸ்ரான் 6 ஊற்றுங்கள். பானை மட்டும் இறக்கினால் 5 குவார்ட் அளவுக்குப் பிடிக்கும், மீதி கன்வெர்ட்டரில் தங்கியிருக்கும். பழைய பாக்ஸில் எண்ணெய் மாற்றினால் பாக்ஸ் செத்துவிடும் என்று இங்கேயும் ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஏற்கெனவே கருகிய கிளட்ச்சை எந்த எண்ணெயும் காப்பாற்றாது, அது மாற்றினாலும் போகும், மாற்றாவிட்டாலும் போகும். நான் பானை இறக்கி மாற்றுவதோடு நிறுத்திக்கொள்வேன். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவுவதைப் பழைய வண்டிக்குச் செய்யமாட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்றை மறக்கக்கூடாது. வழுக்கும் கியரை “இன்னொரு தடவை பார்ப்போம்” என்று ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஒவ்வொரு வழுக்கலும் பிளேட்டில் மிச்சமிருப்பதை எரிக்கிறது. எந்த கியர் என்று தெரிந்துவிட்டால் சோதனை முடிந்தது. வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

ரீபில்டேதான் என்று முடிவானால், கொடுக்கும்போது மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பழைய சன் ஷெல்லுக்குப் பதிலாக, சந்தையில் கிடைக்கும் உறுதியாக்கிய சன் ஷெல் போடவேண்டும், உடையாதிருந்தாலும் போடவேண்டும். பழைய டார்க் கன்வெர்ட்டரை அப்படியே திரும்ப மாட்டக்கூடாது, அதற்குள் பழைய பாக்ஸின் தூள் அத்தனையும் இருக்கிறது. கூலர் குழாய்களையும் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரையும் கழுவவேண்டும். கருகிப்போன பாக்ஸாக இருந்தால் கூலரையே புதிதாகப் போட்டுவிடுவது மேல். பாக்ஸ் ஏறிய பிறகு முதல் 500 மைலில் ஒருமுறை பானை இறக்கி, காந்தத்தை நீங்களே பாருங்கள். அப்போது அதில் கொஞ்சம் களிம்பு இருக்கத்தான் செய்யும். சீவல் இருந்தால், வாரண்டி முடிவதற்குள் போட்டோவோடு போய் நில்லுங்கள்.